அது எந்த ஏனுங்க?

கொட்டச்சேடு
18-9-2024

மதிப்புக்குரிய ரயில்வே டிரைவர் பாலகுமார் ஐயா அவர்களுக்கு,

மேடம் எழுதிக்கொள்வது. மேடம் நலம். தங்கள் நலம் எனக்கு இப்போதைக்குத் தேவையில்லை.

உங்கள் நம்பரை பிளாக் செய்தது நான்தான். சிக்னல் கோளாறு என்று நினைத்து மொட்டைமாடியில் ஏறி நிற்க வேண்டாம். போனில் பேசினால் நீங்கள் ஒரு சிரிப்புச் சிரித்து மழுப்புவீர்கள், நானும் பல்லைக் காட்டிவிடுவேன். பேப்பரில் சிரித்து மழுப்புங்கள், பார்க்கலாம்.

சனிக்கிழமை நடந்தது உங்களுக்கும் தெரியும். இருந்தாலும் என் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் தொப்பி மறைத்திருக்கும்.

எங்கள் ஸ்கூல் ஹாஸ்டல் பிள்ளைகளைச் சென்னைக்கு டூர் கூட்டிவந்தோம். பானு டீச்சர் பொறுப்பு, நான் உதவிக்கு. ஹாஸ்டல் உதவியாளுக்கு டூரில் என்ன பெரிய வேலை? மலை இறங்கும்போது வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது, பஸ் ஏறும்போது தலை எண்ணுவது. அந்த வேலைக்குத் தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் அம்மா கேலி செய்தாள். போகிற இடம் ரயில் மியூசியம், கட்டிக்கொள்ளப் போகிறவர் ரயில்வே டிரைவர். ஆவணியில் நிச்சயமாகி தைக்குக் கல்யாணம் வைத்திருக்கிற பெண்ணுக்கு ரயிலைப் பார்த்தால் ஆளைப் பார்த்த மாதிரி. உங்களுக்குச் சனிக்கிழமை டூட்டி என்று சொல்லியிருந்தீர்கள். அரக்கோணத்துப் பக்கம் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்தேன். மியூசியத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாம், திடீரென்று பார்த்து ஆச்சரியப்படட்டும் என்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆச்சரியப்பட்டது யார் என்று உங்களுக்கே தெரியும்.

உள்ளே ஒரு சுவர் நிறைய மலை ரயில் படம். ஊட்டிக்கு ரயில் இருக்கிறது, டார்ஜிலிங்குக்கு இருக்கிறது, சிம்லாவுக்கு இருக்கிறது. "நம்ம ஏற்காட்டுக்கு ஏனுங்கக்கா ரயில் இல்ல?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது. அடுத்தவர்களுக்கெல்லாம் ரயிலைக் கொடுத்துவிட்டு நமக்கு மட்டும் இருபது கொண்டை ஊசி வளைவைக் கொடுத்திருக்கிறார்கள். "இருங்க சாமி, அக்காவக் கட்டிக்கப் போறவரு ஓட்டிக்கிட்டு வருவாரு" என்றேன். பிள்ளைகள் கை தட்டின.

வெளியே வந்தால் தோட்டத்தைச் சுற்றிவரும் குட்டி ரயில். முன்னால் கறுப்பு எஞ்சின் வேஷம். அதற்குள் காலை மடக்கிக்கொண்டு, நீலத் தொப்பி போட்டு, நீங்கள்.

மூன்றாவது பெட்டியில் ஏறினேன். கூப்பிட்டேன். என்ன சொல்லிக் கூப்பிட்டேன் என்று நினைவிருக்கிறதா? "ஏனுங்க!"

அதுவரைக்கும் உங்களை நான் எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. போனில்கூட "கேக்குதுங்களா" என்றுதான் ஆரம்பிப்பேன். எங்கள் அம்மா எங்கள் அப்பாவைக் கூப்பிடுகிற அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன். அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதுவும் இத்தனை பேர் நடுவில்.

நீங்கள் திரும்பினீர்கள். என் முகத்தை நேராகப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "மேடம், கைய வெளிய நீட்டாதீங்க. உக்காருங்க."

"தெரிஞ்சவரா சசி?" என்று பானு டீச்சர் கேட்டார். "இல்லைங்க டீச்சர், வேற யாரோன்னு நெனச்சுட்டேன்" என்றேன். உங்களால் நான் பொய் சொன்னேன். ஒரு சுற்று முடிகிறவரை உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு, கையை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள்? பதில் வேண்டும். எழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
மேடம்

*

சென்னை
23-9-2024

சசிக்கு,

மரியாதையாலேயே ஒரு ஆளை அடிக்க முடியும் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஐயாவாம், அவர்களுக்காம்.

கோபம் உனக்கு மட்டும் சொந்தமில்லை. நானும் எழுதுகிறேன், கேள்.

நீ என்னைப் பார்க்கும் முன்பே நான் உன்னைப் பார்த்துவிட்டேன். வேப்பமரத்து வளைவில் வண்டி திரும்பும்போது நீ பிளாட்பாரத்தில் நின்றாய். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுத்த நிமிஷம் நீ என்ன செய்தாய்? என் வண்டியைக் காட்டி, அந்த டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து சிரித்தாய். ஊரார் பிள்ளைகள் சிரிக்கட்டும், அதற்குத்தான் அந்த வண்டி. நீ சிரிக்கலாமா?

அப்படிச் சிரித்துவிட்டு ஏறி உட்கார்ந்து "ஏனுங்க" என்றால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? நம் பக்கத்தில் ஏனுங்க என்று யாரைத்தான் கூப்பிடவில்லை? பஸ் கண்டக்டர் ஏனுங்க, ரேஷன் கடைக்காரர் ஏனுங்க, ஏரிக்கரைக்கு வழி கேட்கிறவனுக்கும் ஏனுங்க. வண்டி ஓட்டுகிறவனைக் கூப்பிட்டாய் என்று நினைத்தேன். வண்டி ஓட்டுகிறவனாகப் பதில் சொன்னேன். போதாததற்குப் பக்கத்தில் சூப்பர்வைசர் செல்வராஜ் சார் நின்றிருந்தார். எங்கள் காண்டிராக்டில் பார்வையாளர்களிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பெண்கள் என்றால் மேடம், ஆண்கள் என்றால் சார். அதைத் தாண்டி ஒரு வார்த்தை கிடையாது.

நான் பொய் சொல்லி நிச்சயம் செய்தேன் என்றுதானே உள்ளுக்குள் நினைக்கிறாய்? வெளியே எழுதவில்லை, அவ்வளவுதான். நிச்சயத்தன்று நடந்ததை நினைத்துப் பார். "மாப்பிள்ளைக்கு என்ன வேலைங்க?" என்று உன் அப்பா கேட்டார். "ரயில் ஓட்டறனுங்க, சின்ன..." என்று ஆரம்பித்தேன். உன் ஐயாக்கண்ணு மாமா விட்டாரா? "ரயில்வேல டிரைவருங்க! மெட்ராஸ்ல ஏறுனா டில்லிலதான் எறங்குவாரு!" என்று பந்தலுக்கே கேட்கும்படி சொன்னார். உன் அம்மா சந்தோஷத்தில் என் இலையில் இன்னொரு மைசூர்பாகு வைத்தார்கள். வாயில் மைசூர்பாகு இருக்கிறவன் எப்படி மறுத்துப் பேசுவான்?

அதற்கப்புறம் போனில் "இன்னைக்கு எங்க வரைக்கும் ஓட்டுனீங்க?" என்று கேட்பாய். "சுத்திச் சுத்தி ஓட்டுனேன்" என்பேன். நீ சிரிப்பாய். நான் சொன்னது முழு உண்மை. மலைமேல் ரயிலே கிடையாது, நம் ஜனங்களுக்கு ரயில் என்றால் ஒன்றுதான். அதில் பெரிசு சின்னது உண்டென்று யாருக்குத் தெரியும்?

மலையில் இருந்தபோது வெள்ளக்கடையில் எஸ்டேட் ஜீப் ஓட்டினேன். அந்த மாதிரி எஞ்சின்தான் இந்தக் குட்டி ரயிலுக்குள்ளும் இருக்கிறது. கரி எஞ்சின் என்று மேலே வேஷம் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ரிப்பேரானால் நானே இறங்கிப் பார்க்கிறேன். கைகட்டி நிற்கிற வேலையில்லை. உனக்கு டில்லி போகிற டிரைவர்தான் வேண்டுமென்றால் உன் மாமாவிடம் சொல். அவர் வாயிலேயே ஒருவரைத் தயார் செய்து கொடுப்பார்.

பாலகுமார்

*

கொட்டச்சேடு
28-9-2024

பாலகுமார் அவர்களுக்கு,

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். மேடம் என்று சொன்னது நீங்கள், கோபித்துக்கொள்வதும் நீங்கள்.

நான் ஏன் சிரித்தேன் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். இப்போது நான் சொல்கிறேன்.

பிளாட்பாரத்தில் நின்றபோது உங்களை நான் பார்க்கவில்லை. வேப்பமரம் மறைத்திருந்தது. ஹாரன்தான் கேட்டது. பூம்பூம், பூஉம். இரண்டு குட்டை, ஒரு நீட்டு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. தோட்டத்தைச் சுற்றிவரும் பொம்மை ரயில், ஒரே ஒரு தண்டவாளம், எதிரே வர ஒரு ஈ காக்காய் இல்லை. அங்கே வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறான் ஒருத்தன்! ஏற்காட்டு மலையில் வண்டி ஓட்டிப் பழகியவனைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கு அந்தப் புத்தி வரும்? "டீச்சர், இது நம்மூர்க்காரன் டீச்சர், சத்தியமாச் சொல்றேன், நம்ம மலைக்காரன்!" என்று சொல்லித்தான் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மரத்தைத் தாண்டி வந்தது நீங்கள். சிரிப்பு இன்னும் அதிகமானது. சந்தோஷத்தில் சிரிக்கிற முகத்துக்கும் கேலியாகச் சிரிக்கிற முகத்துக்கும் உங்களுக்கு வித்தியாசம் தெரியாதென்றால், தைக்கு அப்புறம் நான் மிகவும் கஷ்டப்படுவேன்.

அடுத்தது ஏனுங்க. கண்டக்டரையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன், உண்மைதான். ஆனால் கண்டக்டரைக் கூப்பிடுகிற ஏனுங்கவுக்குச் சில்லறை வேண்டும், அவ்வளவுதான். இது எந்த ஏனுங்க என்று காதில் விழுந்ததும் தெரிய வேண்டாமா? எங்கள் அப்பா காப்பிச் செடி நடுவில் மருந்தடித்துக்கொண்டிருப்பார். சுற்றிப் பத்துப் பெண்கள் வேலை செய்வார்கள், ஆளாளுக்கு ஏனுங்க என்பார்கள். எங்கள் அம்மா கூப்பிட்டால் மட்டும் மருந்து டப்பாவோடு திரும்பிப் பார்ப்பார். நீங்கள் திரும்பினீர்கள், பார்த்தீர்கள், தெரிந்துகொண்டீர்கள். அப்புறம்தான் மேடம் என்றீர்கள். செல்வராஜ் சார்மேல் பழியைப் போடாதீர்கள்.

பொம்மை ரயில் என்று எனக்கு வருத்தமே இல்லை. அதை முதல் கடிதத்தில் எழுதாததற்குக் காரணம் அது எனக்குப் பெரிய விஷயமாகவே தோன்றாததுதான். நான் ஹாஸ்டலில் வாந்தி துடைக்கிறேன், என்னை வார்டன் என்றா சொல்லிக்கொள்கிறேன்? எனக்கு எரிகிறதெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான்.

உங்களுக்கு வேலை வைக்காமல் இங்கே நானே எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். ஐயாக்கண்ணு மாமாதான் குதித்தார். ஏரிக்கரையில் அவர் போடுகிற ஒவ்வொரு மிளகாய் பஜ்ஜியோடும் உங்கள் டில்லி ரயிலையும் சேர்த்து விற்றிருக்கிறார். "நொம்ப அசிங்கமாப் போச்சு, கல்யாணத்த நிறுத்துங்க" என்கிறார். எனக்கு வந்த கோபத்தில், "டில்லி ரயில விட்டது நீங்க, அசிங்கம் அவருக்கா?" என்று கேட்டேன். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணச் சொல்லியிருக்காங்க கண்ணு, நான் ஒண்ணுதான் சொன்னேன்" என்கிறார்.

அப்பா காப்பியைக் குடித்து முடித்தார். கடைசியில், "அந்த ரயில்ல ஏற டிக்கெட் உண்டா கண்ணு?" என்று கேட்டார். உண்டு என்றேன். "அப்பறம் என்ன, ரயில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஆனாலும் மாமா நேரில் பார்த்துத்தான் முடிவு சொல்வாராம். அம்மாவும் கிளம்பிவிட்டாள். ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். டிக்கெட் வாங்கித்தான் ஏறுவோம். நான் மூன்றாவது பெட்டியில்தான் உட்காருவேன். கூப்பிடுவேன். அதற்கு என்ன பதில் என்று நான் எழுதித்தர மாட்டேன். மேடம் என்று மறுபடி காதில் விழுந்தால் மாமாவின் முடிவுதான் என் முடிவும்.

சசிரேகா

*

சென்னை
1-10-2024

சசி,

இது உன் கைக்கு நேரத்துக்குச் சேர வேண்டுமே என்று ஸ்பீடு போஸ்ட்டில் போடுகிறேன். வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தாங்காது. செல்வராஜ் சார் விசிலை வாயிலிருந்து எடுக்கவே மாட்டார்.

ஹாரன் விஷயத்தைப் படித்துவிட்டு நாலு தடவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நான் ஹாரன் அடிப்பதே எனக்குத் தெரியாது. வளைவு வந்தால் கை தானாகப் போகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய் என்று தெரிந்திருந்தால் நான் ஏன் அப்படி முகத்தைத் திருப்பப் போகிறேன்?

ஆனால் உன் மாமாவை அந்தப் பெட்டியில் உட்காரவைக்காதே. பிள்ளைகளுக்கு அளவெடுத்த பெட்டி. முழங்கால் தாடையில் இடிக்கும். அந்தக் கோலத்தில் ஒரு மனுஷன் என் வேலையை நல்லபடியாக நினைப்பாரா? நீ கூப்பிடுவாய், எல்லாரும் பார்ப்பார்கள், எனக்கு நாக்கு எழும்பாது. தீபாவளிக்கு நானே மலைக்கு வருகிறேன். உன் அப்பா முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். பரீட்சை வைக்காதே.

பாலகுமார்

*

சென்னை
9-10-2024

என் சசிக்கு,

பிளாக்கை எடுத்துவிட்டாய், தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். எழுத்தில் கேட்க வேண்டிய உதவி இது.

நீங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப்போன மறுநாளே எனக்கு மெமோ வந்துவிட்டது. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்: "ஞாயிறு மதியம் பார்வையாளர்கள் அமர்ந்திருந்த வண்டியை, நிறுத்தமில்லாத இடத்தில், மேலாளர் அனுமதியின்றி நிறுத்தி, எஞ்சினை விட்டு இறங்கி, மூன்றாவது பெட்டியில் இருந்த பெண் பார்வையாளரை முறையற்ற சொல்லால் அழைத்துப் பேசியது ஏன்? மேலும் தேவையின்றி ஹாரன் அடிப்பது ஏன்? எழுத்துமூலம் விளக்கம் தரவும். தவறினால் பணியிலிருந்து விடுவிக்கப்படுவீர்."

முறையற்ற சொல்லாம்! "என்ன கண்ணு?" என்று கேட்டேன், வேறென்ன சொன்னேன்? கண்ணு எந்த ஊரில் கெட்ட வார்த்தை? செல்வராஜ் சாரிடம் அதைக் கேட்டேவிட்டேன். அவர் பக்கத்தில் அப்படியெல்லாம் கூப்பிட்டால் அடிதான் விழுமாம்.

உனக்கு ஒன்று தெரியுமா? நீ ஏனுங்க என்றதும் வண்டியில் இன்னும் மூன்று ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சேலத்துக்காரர்களாகத்தான் இருக்கும். திரும்பியவர்கள் பலர், இறங்கியவன் நான் ஒருத்தன்தான். இறங்கி வந்து நின்றால் நீ எதற்குக் கூப்பிட்டாய் என்பதையே மறந்துவிட்டு, கடைசியில் "ஒண்ணுமில்லைங்க" என்றாய். அந்த ஒன்றுமில்லைக்குத்தான் எனக்கு மெமோ.

விளக்கம் எழுத உட்கார்ந்தால் "தவறுதலாக" என்றுதான் எழுத வருகிறது. அப்படி எழுதினால் வேலை தப்பிக்கும். ஆனால் எழுதக் கை கூசுகிறது. கோபமாக எழுத நம்மில் கெட்டிக்காரி நீதான். நீயே எழுதித்தா. பதினெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். உன் மாமா என்ன சொன்னார் என்பதையும் எழுது. பெட்டியிலிருந்து அவரை இரண்டு பேர் பிடித்துத் தூக்கினார்கள். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

பாலு

*

கொட்டச்சேடு
14-10-2024

ஏனுங்க,

மெமோவைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்திரத்தில்தான். நடுவழியில் நிற்காத ரயில் ஒன்று இந்த நாட்டில் உண்டா? சேலத்திலிருந்து உங்களைப் பார்க்க வந்த ரயில் ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு காட்டில் முக்கால் மணி நேரம் நின்றது. ஏன் நின்றது என்று ஒரு ஆள் வந்து சொல்லவில்லை. அந்த டிரைவருக்கு யார் மெமோ கொடுத்தார்கள்? ஆயுத பூஜைக்கு மியூசியத்தில் நிற்கிற எஞ்சினுக்கெல்லாம் மாலை போட்டிருப்பார்கள். ஓடாததற்கெல்லாம் மாலை, ஓட்டுகிறவருக்கு மெமோ. நல்ல நியாயம்.

மாமாவைக் கேட்டீர்களே. சேலம் வந்து சேரும்வரை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்தார். அம்மாதான் வழியெல்லாம் "கண்ணுன்னு கூப்டாரு, எல்லாருங் கேட்டாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். நேற்று ஏரிக்கரைக்குப் போனபோது மாமா கடைப்பக்கம் கூட்டமாக இருந்தது. எண்ணெய்ச் சட்டிக்கு மேலே கையை ஆட்டிக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்கிறார்: "டில்லி ரயில ஓட்டறவன் சிக்னல் போட்டா நிக்கோணும், சிக்னல் எடுத்தாப் போகோணும். அவனுக்கு என்னுங்க அதிகாரம் இருக்குது? எங்க மாப்பிள்ள பொண்ணு கூப்டா நெனச்ச எடத்துல ரயில நிறுத்துவாரு! கண்ணால பாத்தனுங்க!" கல்யாணத்தை நிறுத்தச் சொன்ன வாய்தான் அது. என்னைப் பார்த்ததும் இரண்டு பஜ்ஜியை எடுத்துக் கையில் வைத்தார்.

தவறுதலாக என்று ஒரு எழுத்து நீங்கள் எழுதினீர்கள் என்றால் நான் மறுபடி மேடம் ஆகிவிடுவேன். அது தவறுதல் இல்லை. முதல் தடவை நிறுத்தாததுதான் தவறுதல். வேலை போனால் போகட்டும். வெள்ளக்கடை ஜீப் இன்னும் அங்கேதான் நிற்கிறது. இங்கே இருபது வளைவு இருக்கிறது, எத்தனை தடவை வேண்டுமானாலும் ஹாரன் அடியுங்கள், யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அடிக்காவிட்டால்தான் கேட்பார்கள்.

விளக்கம் கீழே இருக்கிறது. உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள். நம் பேச்சில்தான் எழுதியிருக்கிறேன், செல்வராஜ் சாருக்குப் புரியாவிட்டால் அவரே சேலத்துக்காரர் யாரையாவது கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

"ஐயா, ஹாரன் அடிச்சது வளைவு வந்ததால. வண்டிய நிறுத்தினது, என்ற ஊட்டுல கூப்பிட்டாங்க, அதனால."

சசி